மாஞ்சோலையில் ஒரு குறும்படம்



கல்லூரி மாணவன் ஒருவன் படம் எடுத்தான் என்று கேள்விப்பட்டால், நம் நாட்டில் இரண்டு கேள்விகள் எழுவது வழக்கம். ‘கதாநாயகன் யார்?’ என்பது ஒன்று, ‘பாட்டு எத்தனை?’ என்பது மற்றொன்று. நானும் என் நண்பர் நால்வரும் சேர்ந்து எடுத்த படத்தில் கதாநாயகனும் இல்லை, பாட்டும் இல்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் சிறிய படம் அது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை எப்படி நடந்தது என்பதைக் காட்டுவது. படம் சிறிதாயினும் அது எங்களுக்குக் கற்பித்தவை பல. காமிராவைக் கையில் எடுக்க விரும்பும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, அவற்றுள் சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பெரிய படம் எடுக்க வசதியில்லாதவர்கள் எடுப்பதே குறும்படம் என்று எண்ணுவார் உண்டு. ஆனால், சலனப்படக் கலை குறும்படமாகத்தான் பிறந்தது. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. அவற்றுள் ஒன்றில், லியோன் நகரிலிருந்த அவர்களுடைய தொழிற்சாலையின் கதவு திறக்கிறது, வேலை முடிந்த பெண்களும் ஆண்களும் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். புதிதாகப் பிறந்த அந்தக் கலை கண் விழித்துப் பார்த்தது அரசர்களையோ அரண்மனைகளையோ அன்று; உழைத்து முடித்து வீடு திரும்பும் மக்களை. இது நினைவில் கொள்ளத்தக்கது.

மாஞ்சோலை எங்கே இருக்கிறது என்பதை நெல்லை மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஏனையோர்க்காகச் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணைக்கட்டைக் கடந்து, வளைந்து வளைந்து மலை ஏறும் பாதையில் சென்றால், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் அவ்வூர் இருக்கிறது. அதற்கும் அப்பால் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் குடியிருப்புகள். சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாயிருந்த இக்காட்டில் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, 1929-ஆம் ஆண்டில், பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. காட்டின் ஒரு பகுதி தேயிலைத் தோட்டமாயிற்று. நெல்லைச் சீமையிலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் மக்கள் ஏறிச் சென்று தோட்டத்தை உண்டாக்கினார்கள். 1952-இல் ஜமீன் போயிற்று, குத்தகை தொடர்ந்தது. 1988-இல் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது. தோட்டம் அக்காப்பகத்தின் நடுவே ஒரு தீவுபோல் இருந்துவந்தது.

எங்களுள் ஒருவனுடைய பெரியம்மா அங்கே பல ஆண்டு கொழுந்து பறித்தவர். அவர் வழியாக ஊராரின் அன்பையும், உரியவர்களிடம் இசைவையும் பெற்று, 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலை ஏறினோம்.

நாங்கள் கற்ற முதற்பாடம் பார்ப்பதைப் பற்றியது. மாஞ்சோலைக்குச் செல்வோர் அந்தப் பச்சையைக் கண்டு, ‘இயற்கையின் எழில்’ என்று வியப்பார்கள். அந்தப் பச்சை இயற்கை தந்ததன்று. தேயிலை இயல்பில் மரமாக வளரும் செடி. அதை இடுப்பளவில் நிறுத்தி வைப்பவை மனிதக் கைகள். சில ஆண்டுக்கொருமுறை கவாத்து வெட்டி, சில நாளுக்கொருமுறை கொழுந்து கிள்ளி, அந்த மலைச்சரிவைக் கம்பளம்போல் மட்டமாக வைத்திருந்தார்கள். இதை அறிந்த பிறகு அந்தச் சரிவைப் பார்த்தால், அழகு குறைவதில்லை. அழகுக்குப் பின்னால் முதுகு வளைந்து நிற்கும் பெண்களும் தெரிகிறார்கள்.

நம் இலக்கணத்தார் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். முதல், கரு, உரி என்று பாட்டின் பொருளை மூன்றாகப் பகுத்தது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மக்களின் அக ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றினும் சிறந்தது உரிப்பொருள் என்பது அந்நூலின் கொள்கை. மலையும் மூடுபனியும் மட்டும் நிறைந்த படத்தை நாட்காட்டியில் அச்சிடலாம். மனிதருடைய நெஞ்சம் உள்ளே வந்தால்தான் அது கலையாகிறது. காமிராவை எங்கே வைப்பது என்று நாங்கள் ஐவரும் வாதாடிய போதெல்லாம், ‘உரிப்பொருள் எங்கே?’ என்ற ஒரு கேள்வியே வழக்கைத் தீர்த்து வைத்தது.

இரண்டாவது பாடம், படம் எடுக்கப்படுகிறவர்களைப் பற்றியது. இரண்டாம் நாள் காலையில், லைன் வீட்டு வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்கள் கருவிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஏம் மக்கா, எங்களப் படம் புடிச்சி யார்ட்ட காட்டப் போறிய?” என்று கேட்டார். “முதல்ல உங்ககிட்டதான் ஆச்சி காட்டுவோம்” என்றான் எங்கள் நண்பன். “அப்பஞ் சரி” என்று சொல்லிவிட்டு, எழுந்து உள்ளே போய்த் தலைவாரி, வேறு சேலை உடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கேள்வி ஆழமானது. நாம் ஒருவரைப் படம் எடுக்கும்போது அவரிடமிருந்து ஒன்றைக் கடனாகப் பெறுகிறோம். அவர் முகத்தை, குரலை, அவருடைய ஒரு நாளைப் பெறுகிறோம். கடனை யாருக்கு, எப்படித் திருப்பித் தருவது? ராபர்ட் பிளாஹர்ட்டி என்பவர் வட கனடாவின் பனிநிலத்து இனுயிட் மக்களைப் படமாக்கினார். 1922-இல் வெளிவந்த ‘நானூக்’ என்னும் அப்படம் ஆவணப்பட வரலாற்றில் பெயர்பெற்றது. எடுத்த படச்சுருளை அங்கேயே கழுவி, அம்மக்களுக்கே போட்டுக் காட்டி, அவர்களைத் துணையாகக் கொண்டு அவர் வேலை செய்தார். அதே பிளாஹர்ட்டி, துப்பாக்கி பழகிவிட்ட அவர்களைப் பழைய ஈட்டியால் வேட்டையாடச் செய்தும் படம் எடுத்தார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாதென்று, ஒருபுறம் திறந்த பெரிய வீட்டைக் கட்டச் செய்தார். அவர் செய்தது சரியா, தவறா என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நாங்கள் எங்களுக்கு வகுத்துக்கொண்ட விதி இது: அவர்கள் செய்யும் வேலையை அவர்கள் செய்யும் நேரத்தில் எடுப்பது, எங்களுக்காக ஒருமுறை கூடக் கூடையைத் தூக்கச் சொல்வதில்லை. இந்த விதியால் சில நல்ல காட்சிகள் கிடைக்காமற் போயின. ஆயினும், கிடைத்தவற்றில் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

மூன்றாவது பாடம் காலத்தைப் பற்றியது. இதை எங்களுக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தந்திருக்க முடியாது. சத்தியஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’ படத்தை 1952 அக்டோபரில் தொடங்கினார். நாணல்போல் வெண்ணிறமாகப் பூத்த காசப்புல் வெளியில் அக்காளும் தம்பியும் ஓடிச் சென்று ரயிலைப் பார்க்கும் காட்சி அது. ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், பூவெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு ஆண்டு பூக்கும்வரை காத்திருந்து மீதியை எடுத்தார். பூவுக்குப் பருவம் உண்டு. போனது திரும்ப வரும்.

நாங்கள் மாஞ்சோலையில் எடுத்தது, கொழுந்து கிள்ளுதல், மூட்டை கட்டுதல், எடை போடுதல், மாலையில் வரிசையாக வீடு திரும்புதல் ஆகிய அன்றாடக் காரியங்களை. ‘இவை எப்போதும் நடப்பவைதாமே, விட்டதை அடுத்த விடுமுறையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்று பேசிக்கொண்டு இறங்கினோம். 2024-ஆம் ஆண்டில் நிறுவனம் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு என்று அறிவித்தது. அவ்வாண்டு ஜூன் மாத நடுவில் தோட்ட வேலை நின்றது. குத்தகைக் காலம் 2028 வரை இருந்தது. வேலை அதற்கு முன்பே முடிந்தது.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். ஏனென்றால் வீடு வேலையோடு சேர்ந்தது. நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு மலையடிவாரத்தில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத நிலை. அரசின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இந்தக் காடு புலியின் இருப்பிடம், ஆறுகளின் தாய்மடி, இது மீண்டும் காடாக வேண்டும் என்பது மறுதரப்பின் வாதம். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு தொழிலாளரின் கோரிக்கையை ஏற்கவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை உணரும்போதுதான் துயரம் மிகுதியாகிறது.

இந்தச் செய்தி வந்தபோது நாங்கள் படத்தொகுப்பில் இருந்தோம். எடுத்த காட்சிகளில் ஒன்றையும் நாங்கள் மாற்றவில்லை; ஆயினும் ஒவ்வொன்றின் பொருளும் மாறிவிட்டது. மாலையில் பெண்கள் வரிசையாக வீடு திரும்பும் காட்சி, நேற்றுவரை ஒரு நாளின் முடிவு. இன்று ஒரு காலத்தின் முடிவு. லூமியேர் படத்துத் தொழிலாளர் மறுநாள் காலை அதே கதவு வழியாக உள்ளே சென்றிருப்பார்கள். எங்கள் படத்துப் பெண்களுக்கு அந்த மறுநாள் இல்லை. கிள்ளும் கை நின்றதும் தேயிலைத் தூர்கள் மரமாக உயரத் தொடங்கிவிட்டன.

நான்காவது பாடம் விடுவதைப் பற்றியது. எங்களிடம் ஒன்பது மணி நேரப் பதிவு இருந்தது. வைத்துக்கொண்டது பன்னிரண்டு நிமிடம். தமிழில் ஆவணப்படக் கலைக்கு முன்னோடியான ஏ. கே. செட்டியார், முப்பது வயது நிரம்பும் முன்பே, காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காக உலகமெல்லாம் அலைந்து 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940-இல் வெளியானபோது படத்தின் நீளம் ஏறத்தாழ 12,000 அடி. பல நாடுகளில் தேடிப் பிடித்த காட்சிகளில் நான்கில் மூன்று பங்கை விடுவதற்கு எத்தகைய மனவுறுதி வேண்டும்! அழகியது என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. தேவை என்பதற்காகவே வைக்க வேண்டும். மூடுபனிக் காட்சிகளை நாங்கள் விட்டோம். எடைபோடும் தராசின் முன் ஒரு பெண் முள்ளை உற்றுப் பார்க்கும் இருபது விநாடியை வைத்தோம். அந்த முள்ளில் அவளுடைய நாள் இருந்தது.

மாஞ்சோலை மக்களின் வாழ்வு இதற்கு முன்பும் படமாகியிருக்கிறது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளரை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் சென்றது. காவலர் தடியடி நடத்தினர். தாமிரபரணியில் இறங்கிய மக்களுள் பதினேழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறு குழந்தையும் உண்டு. திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர். ஆர். சீனிவாசன், இக்கொடுமையை ‘நதியின் மரணம்’ என்னும் ஆவணப்படமாக்கினார். அன்று பிறவாத என்போன்றவர்கள் அந்நாளை அறிந்தது இத்தகைய படங்களாலும் எழுத்துகளாலும்தான். மாஞ்சோலைச் சரிவில் பெய்யும் மழை மணிமுத்தாறாகி, தாமிரபரணியில் கலந்து, நம் வீட்டுக் குடத்துக்கு வருகிறது. அந்த நீரைக் குடிப்பவனுக்கு அந்த மலையின் செய்தியை அறியும் கடமையும் உண்டு.

ஆச்சிக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றினோம். மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் வாடகை வீடு பிடித்திருந்த சில குடும்பங்களை ஒன்றுகூட்டி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முதன்முதலாக அவர்களுக்கே படத்தைக் காட்டினோம். முகங்களைக் கண்டு மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ முகங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்கள். “அந்தா, நம்ம வாசப்படி!” என்றார் ஒருவர். “கொய்யா மரம் நிக்கி பாரு” என்றார் மற்றொருவர். நாங்கள் கருதி எடுக்காத மரம் அது. காட்சியின் ஓரத்தில் தானாக வந்து நின்றது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்ததும், “இன்னொரு தரம் போடு” என்றார். மூன்று தரம் போட்டோம்.

மாணவ நண்பர்களே! விலையுயர்ந்த காமிராவுக்காகக் காத்திராதீர்கள். உங்கள் ஊரிலும் தறி ஓடுகிறது, சூளை எரிகிறது, சந்தை கூடுகிறது, யாரோ ஒரு முதியவர் யாரும் கற்காத ஒரு தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார். என்றும் இருக்கும் என்று நாம் எண்ணுபவை முன்னறிவிப்பின்றி மறைந்துவிடுகின்றன. அவரிடம் சென்று இசைவு கேளுங்கள். அவர் கை செய்வதைப் பொறுமையாக, முழுமையாக எடுங்கள். ஓரத்தில் நிற்கும் மரத்தையும் வெட்டிவிடாமல் எடுங்கள். எடுத்ததை முதலில் அவருக்குக் காட்டுங்கள்.