சிரிக்கத் தெரிந்தவளுக்குச் சாட்சி சொல்லவும் தெரியும்

(மெர்கோங்கில் பெண் தொழிலாளர் நாடகத்துக்கு ஆள் தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை, தேர்வு தொடங்குமுன் ஆற்றப்பட்ட உரை)



"வக்கீலுக்கு நாடகத்தில் என்ன வேலை?" என்று காலையில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓவர்டைம் பணம் கிடைக்காத ஒரு தொழிற்சாலைப் பெண்ணுக்காகத் தொழிலாளர் இலாகா விசாரணைக்குப் போனேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் கைமாறிய பிறகு பட்டணத்துக்கு வந்தவர். "எத்தனை மணி வரை வேலை செய்தீர்கள்? யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்கள். தலையைக் குனிந்தபடி "தெரியலீங்க" என்றார். மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அதே பதில்தான்.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். அதே பெண், சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்து நடப்பதையும், "இன்னும் ரெண்டு மணி நேரம்" என்று விரலைக் காட்டி மிரட்டுவதையும் அப்படியே நடித்துக் காட்டினார். கடையே சிரித்தது. எந்த நாள், எத்தனை மணி, என்ன வார்த்தை, எல்லாம் அதில் இருந்தது. விசாரணை அறையில் வராத சாட்சியம் தேத்தண்ணி மேசையில் வந்தது. வழக்கு தோற்றது. அதில் பாதிக் குற்றம் என்னுடையது. காகிதங்களைப் படித்தேனே தவிர, அவரை உட்காரவைத்து முழுதாகக் கேட்கவில்லை.

நம் பெண்களுக்குப் பேச வராது என்பது பொய். பேசவேண்டிய இடத்தில் பயம் வருகிறது, அவ்வளவுதான். அந்தப் பயத்தை உடைக்க மேடையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இது நாம் கண்டுபிடித்த வழியல்ல. அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூயிஸ் வால்டெஸ் என்பவர் 'எல் தியாத்ரோ கம்பெசினோ' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நடிகர்கள் யார்? வயலில் வேலை செய்தவர்களே. மேடை எது? லாரியின் பின்தட்டு. ஒருவர் கழுத்தில் 'முதலாளி' என்று அட்டை தொங்கும், இன்னொருவர் கழுத்தில் 'கருங்காலி' என்று தொங்கும். முதலாளியைப் பார்த்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு அவர்மேல் இருந்த பயம் குறைந்தது.

ஜோசஃபீனா லோபஸ் கதையையும் கேளுங்கள். சிறுவயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர், கையில் பத்திரம் இல்லாமல் வளர்ந்தவர், அக்காள் நடத்திய தையற்கூடத்தில் வேலை செய்தவர். அந்த அனுபவத்தை வைத்து 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினார். லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் ஒரு சின்னத் தையற்கூடம். ஐந்து பெண்கள். வெளியே குடிநுழைவுக்காரர்கள் வருவார்களோ என்ற பயம், உள்ளே தாங்க முடியாத வெயில், நாள் குறித்து முடிக்கவேண்டிய உடைகள். இதற்கு நடுவே கேலியும் சிரிப்பும். 1990இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடையேறியது. 2002இல் திரைப்படமானது. 2025இல் இசை நாடகமாக நியூயார்க் பிராட்வே வரை போனது.

அந்த நாடகம் 1987இல் நடப்பதாக எழுதப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேருக்கு அங்கே சட்டபூர்வமாக வாழும் உரிமை கிடைத்தது. ஆனால் பத்திரம் கைக்கு வந்த அன்றே பயம் போய்விடாது. அது சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். இங்கேயும் அப்படி ஒருவர் இருந்தால் சொல்கிறேன்: சிவப்பு அட்டைக்காரர் இந்நாட்டின் நிரந்தரவாசி. ஒளிய வேண்டியவர் அல்ல. இங்கே யாரிடமும் அட்டை எண் கேட்கமாட்டோம்.

லோபஸின் நாடகத்தை நாம் போடப்போவதில்லை. அதற்கு அவரிடம் உரிமை வாங்கவேண்டும். நமக்கு நம் கதை இருக்கிறது: பெரட்டுக்களம், லயம், இந்தத் தொழிற்பேட்டை, கம்பெனி பஸ்.

தேர்வு எப்படி என்று கேட்கிறீர்கள். வசனம் மனப்பாடம் வேண்டாம். வேலையிடத்தில் நடந்த ஒன்றை மூன்று நிமிடம் நடித்துக் காட்டுங்கள். நிறம், உடம்பு, வயது எதையும் பார்க்கமாட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வசனத்தை வாய்மொழியாகச் சொல்லித் தருவோம். ஒத்திகை ஷிப்டு நேரம் பார்த்து வைக்கப்படும். பிள்ளைகளை அழைத்து வரலாம். ஆசிரியை ஒருவர் பார்த்துக்கொள்வார்.

ஒத்திகைக்கு வரும்போது சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சாதாரண நாளில் செய்யும் ஓவர்டைமுக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு கூலி. பாலியல் தொல்லைக்கு எதிராக 2022இல் தனிச்சட்டமே வந்துவிட்டது. நாடகம் ஒருபக்கம், கணக்கு ஒருபக்கம்.

அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. "பெண் மேடையேறினால் ஊர் என்ன சொல்லும்?" என்கிறீர்கள். 1943இல் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள். துப்பாக்கி தூக்கியவளின் பேத்தி நாலு பேர் முன்னால் வாய்திறந்தால் குடும்ப மானம் போய்விடாது. உள்ளே வந்து உட்காருங்கள். கைதட்ட ஆள் வேண்டும்.

அந்த வழக்கில் தோற்ற பெண்ணுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் சீட்டு அவருடையது.

வாங்கம்மா. அந்த சூப்பர்வைசரை இன்னொரு முறை காட்டுங்கள். இந்த முறை நான் எழுதிக்கொள்கிறேன்.