சத்திரத்தின் வாயிலும் நம் உரிமையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி வரும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டியில் ஒரு சாலை பிரிந்து, கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்கிறது. தஞ்சைக்குத் தெற்கே, பட்டுக்கோட்டைச் சாலையில் உள்ளது ஒரத்தநாடு. அங்கே இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரம், இன்றும் அவ்வூரின் அடையாளமாக நிற்கின்றது. இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் அமைத்த சத்திரங்களுள் அதுவும் ஒன்று.

அச்சத்திரங்களைக் குறித்துச் சரபோஜி 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வரும் வழிப்போக்கர் அனைவர்க்கும் அங்கே உணவு உண்டு; நோயுற்றவர்க்கு மருந்தும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் உண்டு; நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரா என்று அழைப்பதும் உண்டு என்று அதில் தெரிவித்தார்.

அன்பர்களே, இது போற்றத்தக்க அறம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த வரிசையின் கடைசியில் வைக்கப்பட்டவன் எந்த வாயில் வழியே நுழைந்தான்? எங்கே அமர்ந்து உண்டான்? நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர் இருந்ததாக அதே கடிதம் சொல்கிறதே, அந்தப் பாடத்தில் நம் பிள்ளைக்கு இடம் இருந்திருக்குமா? இவற்றைக் கேட்பது நன்றி மறத்தல் ஆகாது. வரலாற்றை முழுமையாகப் படித்தலே ஆகும்.

மன்னர் இரங்கி அளித்தது சோறு. நம் முன்னோர் போராடிப் பெற்றது உரிமை. 1917-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் பணி ஏற்கச் சென்றார். தங்க வேறு இடமின்றி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அன்று அவர் கலங்கி அமர்ந்திருந்த பூங்காவிடம் இன்று 'சங்கல்ப பூமி' எனப் போற்றப்படுகின்றது. விரட்டிய விடுதியை நாடிச் செல்வார் இல்லை. விரட்டப்பட்டவர் அமர்ந்த இடமே நினைவிடமாயிற்று!

நம் மாகாணத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-இல் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்து, பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் எல்லோர்க்கும் உரியவை என நிலைநாட்டினார். 1938-இல் எம்.சி. இராஜா அவர்களின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் பிறந்தது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமோ சத்திரம், சாவடிகளையும், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும்கூடத் தனித்தனியே குறித்தது. ஒரு குவளையைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்ததெனில், அந்தக் குவளை எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டிருக்க வேண்டும்!

ஆகவே, பழஞ்சத்திரங்களை இடிக்க வேண்டா. பழுது பார்த்துப் பாதுகாப்போம். ஆனால் அவற்றின் முன் வைக்கும் பலகையில் கட்டிய அரசரின் பெயரோடு, வாயிலைத் திறந்த மக்களின் வரலாறும் எழுதப்பட வேண்டும்.

இளைஞர்களே, நம் காலத்துச் சத்திரம் எது? மாணவர் விடுதியே! திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் பயின்ற சுவாமி சகஜானந்தர், 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்குக் கல்வியோடு தங்கும் இடமும் தந்தார். சிற்றூரிலிருந்து துணிப்பையோடு பேருந்தில் வந்திறங்கும் மாணவனுக்கு முதற்கவலை பாடமன்று. இன்றிரவு எங்கே தங்குவது என்பதே. அக்கவலையைத் தீர்ப்பதே கல்விச் சங்கத்தின் தலையாய அறம்.

இன்று விடுதியில் தங்கிப் படிப்போர், நாளை பணியில் அமர்ந்தபின் ஆளுக்கொரு மாணவனுக்குத் தங்க இடமும் உணவும் அளிக்க உறுதி கொள்ளுங்கள். நள்ளிரவிலும் உண்ணாதவனைத் தேடி அடித்த அந்த மணியை இனி நாம் அடிப்போம். அதைக் கேட்டு வருபவன் தலைநிமிர்ந்து முன்வாயிலில் நுழையட்டும்!