பனிக்காலத்தில் வாத்துக் கொட்டில்

அஸ்ஸாமில் குடியேறிய நாம், அயலாரைப் போலவே புழக்கடையில் வாத்து வளர்க்கத் தொடங்கினோம். முதல் மார்கழியில், குளிருக்கு அஞ்சிக் கொட்டிலின் திறப்புகளையெல்லாம் சாக்கால் அடைத்தோம். இரண்டு வாத்துகளை இழந்தோம்.

இறகு உலர்ந்திருக்கும்வரை வளர்ந்த வாத்தைக் குளிர் எளிதில் வாட்டாது, ஈரமே வாட்டும். அதன் எச்சத்தில் பெரும்பகுதி நீர். மூச்சிலும் நீராவி உண்டு. அடைத்த கொட்டிலில் அவ்வீரம் கூரையில் படிந்து விடியலில் சொட்டும். நனைந்த வைக்கோலில் எழும் அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும்.

ஆகவே, வாடைக்காற்று நேரே தாக்காதபடி கீழ்ப்புறத்தை மட்டும் அடைப்போம். கூரையை ஒட்டி இருபுறமும் திறப்பு விட்டுக் கம்பிவலை இடுவோம். தீனியும் தண்ணீரும் அந்திக்குள் வெளியிலேயே கொடுத்துவிடுவோம். நனைந்த வைக்கோலை அன்றே மாற்றுவோம். காலையில் கதவைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினால், காற்று போதவில்லை என்று அறிவோம்.