பதிவேட்டின் நான்கு வரிகள்

(ஜூபிலி விழாவையொட்டி, பாலக்கரைப் பங்கு மக்களிடையே ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கோயிலைக் கட்டி எழுப்பிய சுவாமிமார்களை நாம் நினைவுகூருகிறோம். அது முறையே. ஆனால் அக்கோயிலில் முழந்தாளிட்ட சாதாரண மனிதருக்கும் வரலாறு உண்டல்லவா?

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பிள்ளையின் பெயர், தாய் தந்தையர், ஞானப் பெற்றோர், நாள், குருவின் கையொப்பம். ஓரத்தில் திருமணக் குறிப்பு. பின்னர் மரணப் பதிவேட்டில் ஒரு வரி. நான்கு வரிகளில் ஒரு வாழ்வு முடிந்துவிடுகிறது. இடையிலுள்ள அறுபது, எழுபது ஆண்டுகளை நாம்தான் எழுத வேண்டும்.

1910-ல் பிறந்த ஒரு ரயில்வே தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். 1918-ல் உலகெங்கும் விஷக் காய்ச்சல் பரவியபோது அவருக்கு வயது 8. நாகப்பட்டினத்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு வந்த 1928-ல் வயது 18. அவ்வாண்டு ஜூலையிலேயே ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வேயில் வேலைநிறுத்தம். சிங்காரவேலர் சிறை சென்றார். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தபோது 20. 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து தொழிலாளர் பலியானபோது 36. லத்தீன் பூசையே கேட்டு வளர்ந்த அவர், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழில் பூசை கேட்கையில் ஐம்பதைக் கடந்துவிட்டார்.

இவ்வளவும் நாட்டின் வரலாறு. இதில் நம் பாட்டனார் எங்கே நின்றார் என்பதே கேள்வி. வேலைநிறுத்தத்தில் நின்றாரா, வேலைக்குப் போனாரா? எதுவாயினும் உள்ளபடியே எழுதுவோம். எல்லோரையும் தியாகியாக்க வேண்டாம். சுதந்திர நாளன்று அவர் அரிசிக்காக ரேஷன் கடையில் நின்றிருந்தால் அதுவும் வரலாறே.

பாட்டியாரை மறந்துவிடக் கூடாது. பதிவேடு அவரை இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. சம்பளம் நின்ற மாதத்தில் அடுப்பு எப்படி எரிந்தது, எந்த நகை அடகுக்குப் போனது என்பதை அறிந்தவர் அவரே.

முதியோரிடம் ஆண்டைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நிகழ்ச்சியைக் கேளுங்கள். "தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் பேச்சு தானே வரும். அது 1964 டிசம்பர் என்று நாம் குறித்துக்கொள்ளலாம். பழைய ரேஷன் கார்டு, வேலைச் சான்று, கல்லறைக் கல் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை குறையும்.

1910-ல் பிறந்தவர்கள் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் மடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கே எண்பது வயதாகிறது. அவர்களும் போய்விட்டால் நமக்கு எஞ்சுவது அந்த நான்கு வரிகளே. ஆகவே, இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நம் வீட்டு முதியவர் அருகில் அமர்வோம். அதுவே இந்த ஜூபிலிக்கு நாம் செய்யும் நற்காரியம்.