அயல்நாட்டு வேலை அனுமதிப் பத்திரம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் பழைய மரபு. இரு கரைகளிலும், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், பொதுவாக நிலைத்துவரும் வழக்கம் ஒன்றுண்டு. மகளை மணம்செய்து கொடுக்கும்போது அவளுக்கென ஒரு வீட்டைக் கொடுத்தல் பெற்றோர் கடன். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து குடியேறுகின்றான். கணவன் கைவிட்டாலும் கூரை கைவிடாது என்னும் உறுதியைப் பெண்ணுக்கு அளிக்கும் நல்ல வழக்கம் இது. ஆயினும், அவ்வீட்டைக் கட்டி முடிக்கும் சுமை பெற்றோர் தலையில் விழுகின்றது. 1978 ஆம் ஆண்டின் சூறாவளியும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2009 ஆம் ஆண்டுவரை நீடித்த போரும் இப்பகுதியின் வீடுகளைச் சிதைத்தன. பல குடும்பங்களில் உழைத்துத் தரும் ஆண்மகனையும் பறித்தன. அத்தகைய குடும்பங்களில் தாயே அக்கடனைத் தீர்க்கப் புறப்படுகின்றாள். அவள் புறப்படும் திசை பெரும்பாலும் வளைகுடா நாடுகளாகவே இருக்கின்றது.

1973 ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபின், அந்நாடுகளில் பணியாட்களின் தேவை பெருகிற்று. இலங்கையிலிருந்து அங்குச் செல்வோரை ஒழுங்குபடுத்தும் பொருட்டு, 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. உரிமம் பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தல் குற்றம் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. பொருளாதார நெருக்கடி நேர்ந்த 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் இலங்கையிலிருந்து வேலை தேடிக் கடல் கடந்தனர். எனவே, வேலை அனுமதி என்பது இன்று அலுவலகத்தாருக்கு மட்டும் உரிய விடயம் அன்று. வாழைச்சேனையிலும் ஏறாவூரிலும் வெல்லாவெளியிலும் அடுப்படி வரை வந்துவிட்ட பேச்சு அது.

ஊரிலே “விசா வந்துவிட்டது” என்று மகிழ்ச்சியோடு சொல்லக் கேட்கின்றோம். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடங்கியுள்ளன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலாவது, நாட்டிற்குள் நுழைவதற்கான அனுமதி. இரண்டாவது, சம்பளம், வேலை நேரம், ஓய்வு ஆகியவற்றைக் கூறும் ஒப்பந்தம். மூன்றாவது, அங்கு சென்று இறங்கியபின் பெறப்படும் வதிவிட அனுமதி. இதனையே சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் ‘இக்காமா’ என்கின்றனர். நுழைவு அனுமதி வாயிலைத் திறந்துவிடுகின்றது. உள்ளே தங்கி உழைப்பதற்கு உரிமை தருவது வதிவிட அனுமதி. முன்னையது கையில் இருந்து பின்னையது இல்லாதொழியின், உழைப்பவள் சட்டத்தின் கண்களில் குற்றவாளியாகி விடுகின்றாள்.

இவ்வனுமதி யாருடைய கையில் இருக்கின்றது என்பதும் அறியத்தக்கது. ‘கபாலா’ எனப்படும் முறையில், ‘கபீல்’ என்னும் பொறுப்பாளரின் பெயரோடு பணியாளின் அனுமதி பிணைக்கப்படுகின்றது. அந்த வீட்டை விட்டு அவள் தன் விருப்பப்படி வெளியேறினால், அனுமதியும் அவளை விட்டு நீங்குகின்றது. ஓடிப்போனவள் என்று கபீல் முறையிட்டுவிட்டால், அடிபட்டு ஓடியவளா, ஆசைப்பட்டு ஓடியவளா என்று ஆராய்வதற்கு முன்பே அவள் பிடிபடக்கூடும். அண்மைக்காலத்தில் சில நாடுகள் இம்முறையைத் திருத்தி வருகின்றன. குவைத் நாட்டில் 2015 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அளித்ததோடு, அவர்களது கடவுச்சீட்டை வீட்டுக்காரர் பறித்து வைத்திருத்தலையும் தடை செய்தது. ஆனால், தனக்குள்ள உரிமை இன்னதென்று அறியாதவளுக்கு அச்சட்டத்தால் விளையும் பயன் யாது?

அனுமதிப் பத்திரத்தில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு, நெஞ்சை உலுக்கும் சான்று ஒன்று வாகரைக்கு வடக்கே, மூதூரில் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த றிசானா நபீக், 1988 ஆம் ஆண்டில் பிறந்தவர் எனப் பிறப்புச் சான்றிதழ் கூறிற்று. அவரது கடவுச்சீட்டிலோ 1982 என்று எழுதப்பட்டிருந்தது. 2005 ஆம் ஆண்டில், பதினேழு வயதில், அவர் சவூதி அரேபியாவிற்குப் பணிக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களுக்குள் அவரது பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரைக்கேறியதே காரணம் என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டபோது, சிறுமி என்னும் பாதுகாப்பை அவருக்குக் கிடைக்கவொட்டாது தடுத்தது கடவுச்சீட்டில் இருந்த அந்த ஆண்டே. 2013 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆறு வயதைக் கூட்டி எழுதியவனுக்கு அது ஒரு நாள் வேலை. அவருக்கோ அது வாழ்நாள் முழுவதும்.

வேறொரு பொய்யும் உண்டு. சுற்றுலாவிற்கான அனுமதியைக் கையில் கொடுத்து, “அங்கே போனதும் மாற்றிக் கொள்ளலாம்” என்று கூறி அனுப்புதல் அது. இவ்வாறு ஓமான் நாட்டிற்கு அழைத்துச் செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் வஞ்சிக்கப்பட்டமை 2022 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து நாட்டைத் திகைக்க வைத்தது. பணியகத்தில் பதியாது செல்பவளுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்தமும் இல்லை, பதிவால் கிடைக்கும் காப்புறுதியும் இல்லை. முறையிடும்போது காட்டுவதற்கு ஒரு தாள்கூட அவள் கையில் இராது.

இத்தகைய வஞ்சனைக்கு ஏழை மக்கள் ஏன் இணங்குகின்றனர்? முதற்காரணம் முற்பணம். ஊருக்குள் வரும் உப முகவர், பயணத்திற்கு முன்பே ஒரு தொகையைக் கையில் வைக்கின்றார். அது அன்பளிப்பு அன்று, பிடிகயிறு. கடன்காரர் வாயிலில் நிற்கும்போது அத்தொகையை வாங்கிச் செலவிட்டவள், ஒப்பந்தம் பிழை என்று பின்னர் அறிந்தாலும் மறுத்துப் பேச அஞ்சுகின்றாள்.

இரண்டாவது காரணம் சற்று ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்லலாகாது என்றும், குடும்பப் பின்னணி அறிக்கை பெறவேண்டும் என்றும் 2013 ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. நோக்கம் நல்லதே, பிற்காலத்தில் அவை தளர்த்தப்பட்டன. தாயைப் பிரிந்த குழந்தையின் துயரை அறியாதவர் யார்? ஆயினும், அவ்விதி குழந்தைக்குப் பாலும் தாய்க்கு வேலையும் கொடுக்கவில்லை. வாயில் அடைக்கப்பட்டபோது, வறுமை வேலியில் பொட்டுத் தேடிற்று. அப்பொட்டின் அருகே தரகர் காத்திருந்தார். தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றுவோர், தடுக்கப்பட்டவள் மறுநாள் எவ்வாறு அடுப்பு மூட்டுவாள் என்பதையும் உடன் எண்ணுதல் கடமையன்றோ?

ஆகவே, போகாதே என்று உபதேசிப்பதால் பயனில்லை. அறிந்து போ என்று சொல்வதே பொருந்தும். முகவர் நிலையம் உரிமம் பெற்றதா என்பதைப் பணியகத்தில் விசாரித்தல் வேண்டும். பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்கு உதவும். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துப் பொருள் அறிந்த பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும். பெயர், பிறந்த திகதி, வேலையின் வகை ஆகியவை எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்புநோக்குதல் வேண்டும். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், அனுமதி ஆகிய மூன்றின் பிரதிகளும், வேலை செய்யும் வீட்டின் முகவரியும் ஊரில் உள்ளவர் கையில் இருத்தல் வேண்டும். அயல்நாட்டில் ஒருத்தி காணாமற்போனால், அவளைத் தேடத் தொடங்குவது அந்தப் பிரதிகளிலிருந்துதான்.

இப்பணியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்குண்டு. எழுத்தறிவு குறைந்த தாயின் வீட்டிலும் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகளோ மகனோ இருக்கக்கூடும். பரீட்சைக்காகப் பாடநூலை வாசிக்கும் அப்பிள்ளை, தாயின் ஒப்பந்தத்தையும் உரத்து வாசித்துக் காட்டலாம். “அம்மா, உங்கள் பிறந்த ஆண்டு இதில் பிழையாக இருக்கிறது” என்று அப்பிள்ளை சொல்லக்கூடுமாயின், அதைவிடச் சிறந்த கல்விப் பயன் வேறில்லை. மகளுக்கென எழும் வீட்டில், அதைக் கட்டுவித்த தாயும் வந்து இருக்கவேண்டும். அதற்கு வழிசெய்யும் வேலை, விமான நிலையத்தில் அன்று, தாள்களை விரித்துவைக்கும் வீட்டுத் திண்ணையில் தொடங்குகின்றது.