எல்லை அறிந்தவர்கள்



திருகோணமலைக்குத் திரும்பி வருகிற முதியவர்களைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். 1983க்குப் பிறகும், 1990இலும், 2006இலும் போருக்குத் தப்பி இந்தக் கரையை விட்டுப் போனவர்கள் ஏராளம். சிலர் கொழும்புக்குப் போனார்கள், சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். சிலர் இரவோடு இரவாகப் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களில் ஒதுங்கினார்கள். பிள்ளைகளை ஆளாக்கி, தலை நரைத்த பிறகு இப்போது ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள். "இந்த வயசில அங்க போய் என்ன செய்யப் போறியள்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சொந்த மண்ணில் கண்ணை மூடவேண்டும் என்ற ஆசையில்தான் வருகிறார்கள் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அவர்கள் வருகையால் ஊருக்குக் கிடைப்பது என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து பார்த்தால், கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், மூதூருக்கு அப்பால் இருக்கிற ஊர். 2006 ஏப்ரலில் குண்டும் எறிகணையும் விழத் தொடங்கியபோது மக்கள் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டார்கள். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் எட்டிவிடும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பிறகு அனல் மின் நிலையம் என்றார்கள், தொழில் வலயம் என்றார்கள். 2015 ஆகஸ்ட்டில்தான் 818 ஏக்கர் காணி மக்களிடம் திரும்பியது. கடற்படை முகாமுக்குள் இருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் கிடைத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அனல் மின் திட்டமும் கைவிடப்பட்டது. போனபோது அறுபது வயதாக இருந்தவர் திரும்பும்போது எழுபதைத் தொட்டிருந்தார்.

ஏக்கர்க் கணக்கில் காணி வந்துவிட்டது. ஆனால் எது யாருடைய வளவு? வீடுகள் தரைமட்டமாகிக் கிடந்தன. வேலிகள் இல்லை. ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்துவிட்டன.

எங்கள் பழைய காணி உறுதிகளை வாசித்தவர்களுக்குத் தெரியும். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய தென்னந்தோட்டம் என்றுதான் எல்லை எழுதியிருக்கும். அந்த இன்னார் யார், அவருடைய காணி எங்கே முடிந்தது என்று தெரிந்தவர் இல்லையென்றால் அந்த உறுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காணி திரும்பிய நாட்களில் நான் அங்கே ஓர் அம்மாவைப் பார்த்தேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் நடந்தார். இரண்டு பனைகளுக்கு நடுவே நின்று, கோயில் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் காலை ஊன்றினார். "இதில வெட்டு மோனே" என்றார். பேரன் மண்வெட்டியைப் போட்டான். முழங்கால் ஆழத்தில் டொங்கென்று சத்தம் கேட்டது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் கிணற்றுக்கட்டின் சீமெந்து விளிம்பு. கிணறு தெரிந்ததும் குசினி இருந்த இடம் தெரிந்தது. குசினியிலிருந்து வேலி, வேலியிலிருந்து பக்கத்து வளவு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் துலங்கியது. மத்தியானத்துக்குள் அந்த ஒழுங்கையில் மூன்று குடும்பங்கள் தங்கள் எல்லையைக் கண்டுகொண்டன.

அந்த அம்மா திரும்பி வந்திராவிட்டால்? அந்தக் கேள்விதான் என்னை இங்கே பேச வைத்தது.

சட்டத்திலும் இதே கதைதான். நம் நாட்டில் ஒருவருடைய தனியார் காணியை வேறொருவர் இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டு அனுபவித்தால், அதற்கு உரிமை கோர முடியும். உயிர் தப்ப ஓடியவர்களுக்கு அது அநீதியாகும் என்பதால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர் நிலைமை காரணமாகத் தன் உரிமைக்கு வழக்காட முடியாமற் போனவருக்கு, அந்தக் காலத்தை எதிராகக் கணக்கிடக்கூடாது என்பதே அதன் சாரம். அந்தப் பரிகாரத்துக்கும் காலவரையறை இருந்தது. நல்ல சட்டம். ஆனாலும் மன்றில் நின்று, இது எங்கள் வளவு, இதில்தான் எங்கள் கிணறு இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டுமே! மீள்குடியேற்றம் பத்து ஆண்டுகள் தாமதித்தால், அந்தப் பத்து ஆண்டுகளில் நாம் சாட்சிகளையும் சேர்த்து இழக்கிறோம்.

கடலிலும் அப்படியே. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இந்தக் கரையில் கடல் தணிந்திருக்கும். மார்கழி வாடையில் பொங்கும். எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் கரையில் ஒரு குன்றையும் ஒரு கோயிலையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, இதற்கு நேர் கீழே கல்லுப் பார் கிடக்கிறது, இங்கே வலை போட்டால் கிழியும் என்று சொல்ல, வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவரால்தான் முடியும். முகாமில் பிறந்து வளர்ந்து, இங்கே வந்து வள்ளம் ஏறுகிற பிள்ளைக்கு அவர்தான் பள்ளிக்கூடம்.

திருகோணமலையின் பழைய வரலாறும் இதற்குச் சான்று. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோயிலின் செப்புத் திருமேனிகளை அடியார்கள் மண்ணுக்குள் மறைத்தார்கள் என்பது மரபு. அவை வெளியே வந்தது 1950இல். பட்டினத்தில் தண்ணீருக்காகக் கிணறு வெட்டியபோது தற்செயலாக அகப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் என்று சோழர்காலக் கலையழகு மிக்க விக்கிரகங்கள். மறைத்தவர்களுக்கு இடம் தெரிந்திருந்தது. அடுத்து வந்தவர்களுக்கு அது தெரியாமற் போயிற்று. அதனால் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அவை மண்ணுக்குள் கிடந்தன.

ஆகவே, இளைய நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ திரும்பி வந்த பெரியவர் ஒருவர் இருந்தால், அவரைத் திண்ணையில் இருத்திவிட்டுப் போகாதீர்கள். ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு அவரோடு ஊரைச் சுற்றி வாருங்கள். இந்த வளவுக்கு என்ன பெயர், இந்த ஒழுங்கை எங்கே போனது, மூடப்பட்ட கிணறு எது, மழைத் தண்ணீர் எந்த வழியால் குளத்துக்கு ஓடியது என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒரு படம் கீறிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் அவருடைய குரலையும் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு பிரதியை உங்கள் பாடசாலை நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். அம்மாவோ அப்பாவோ ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டால், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நடக்க முடிகிற காலத்திலேயே கூட்டி வாருங்கள். நீங்களும் கூட வாருங்கள். அவர்கள் காட்டுகிற இடங்களைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. காணிப் பிணக்கு விசாரணைக்கு மூத்தவர்களை அலுவலகப் படியேற வைக்காமல், அந்தக் காணிக்கே சென்று அவர்களைக் கேளுங்கள். கதிரையில் இருந்து யோசித்தால் வராத நினைவு, அந்த மண்ணில் நின்றால் வந்துவிடும்.

காணியை அரசாங்கம் திருப்பிக் கொடுக்கலாம், வீட்டைத் தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுக்கலாம். அந்த வளவில் யார் வாழ்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதை மூத்தவர்கள்தான் சொல்லித் தரவேண்டும். அவர்கள் சொல்வதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள். கேட்பது நம் கடமை.