ஓய்வு நமக்கு, ஓயாது கல்வி
(ஈப்போவில் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



நம்மில் பலர் அரும்பு மீசை முளைக்குமுன் உளியைக் கையில் எடுத்தவர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது உண்மைதான். ஆனால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள லயத்திலேயே நின்றுவிட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர்!

பின்னர் தோட்டத் துண்டாடல் வந்தது, செம்பனை வந்தது, வீட்டு மனைகள் வந்தன. லயத்தை விட்டு அடுக்கு வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்தோம். ஒரே பிரட்டுக்களத்தில் நின்ற நாம், இன்று ஒருவரையொருவர் காண்பது சாவு வீட்டில்தான்.

இதன் விளைவு என்ன? சேமநிதிக் கடிதம் வந்தால், பேரப்பிள்ளை பள்ளி விட்டு வரும்வரை காத்திருக்கிறோம். காலையில் போட வேண்டிய மாத்திரையை இரவில் விழுங்குகிறோம். நம்மவர் ஒருவர், தொலைபேசியில் அதிகாரிபோல் பேசிய மோசக்காரனை நம்பிச் சேமிப்பைப் பறிகொடுத்தார். வெட்கத்தால் பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள நாலு பேர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும் அல்லவா?

இதற்கொரு வழியை உலகம் கண்டிருக்கிறது. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஓய்வு பெற்றோருக்கென்று "மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்" தொடங்கினார்கள். அங்கே கற்பித்தவர்கள் பேராசிரியர்கள். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அதை மாற்றி அமைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களே ஆசிரியர், அவர்களே மாணவர். தேர்வில்லை, பட்டமில்லை, சம்பளமுமில்லை. நம் நாட்டிலும் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் முயற்சியால் இம்முறை வந்திருக்கிறது.

"கற்பிக்க நமக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறீர்கள். மரத்தில் காயம் படாமல், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் கோட்டை விடியுமுன் விளக்கொளியில் வெட்டியவர்கள் நாம். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாய் நிற்கிறது. அதைப் பார்க்க வரும் பேரப்பிள்ளைகளுக்கு, அம்மரத்தால் வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்ல நம்மைவிட யார் உண்டு?

கிராணி ஐயாமார்களுக்கும் ஒரு சொல். அன்று நீங்கள் மேசைக்கு அப்பால் இருந்தீர்கள். நாங்கள் வாளியோடு இப்பால் நின்றோம். இனி ஒரே பெஞ்சில் உட்காருவோம். பாரம் நிரப்பவும், சேமநிதிக் கணக்கைப் படிக்கவும் நீங்கள் சொல்லிக் கொடுங்கள். மூலிகையும் காய்கறித் தோட்டமும் கும்மிப் பாட்டும் எங்கள் அம்மாமார் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

2013 முதல் ஓய்வு வயது 60 என்கிறது சட்டம். அதற்குப் பின்னும் பதினைந்து, இருபது ஆண்டு வாழ்கிறோம். அத்தனை ஆண்டும் திண்ணையில் தனியே குந்தியிருக்கவா?

கட்டடம் வேண்டாம், கோயில் மண்டபத்தின் ஒரு மூலை போதும். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். நம் பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பள்ளி கேட்டது அன்றைய சட்டம். இன்று நம்மில் பத்துப் பேருக்கு நாமே பள்ளி வைப்போம். கூட்டம் கலையுமுன் பெயர் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் பெயரை நீங்களே எழுதுவீர்கள்.